மடையில் நின்ற காலம்

திருப்பதி ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சந்தில், ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே இருந்தது நான் வேலை பார்த்த இண்டர்நெட் சென்டர். பிளைவுட் வைத்து அடைத்த கூண்டுகள், ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் முதுகு பெருத்த ஒரு மானிட்டர், செருப்பை வெளியே விடவும் என்று தெலுங்கில் எழுதி ஒட்டிய தாள். திருப்பதியில் வெளியே விட்ட செருப்பு திரும்பக் கிடைக்குமா என்ற பயத்தில் பாதிப் பேர் அதைப் பையில் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன். என் செருப்பே மேசைக்கு அடியில்தான் இருந்தது.

ஊரே கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ், வீட்டுக்கு ஒரு எஞ்சினியர். பெங்களூர் போனார்கள், ஹைதராபாத் போனார்கள், கொடுத்துவைத்தவர்கள் அமெரிக்கா போனார்கள். விசா கிடைத்தால் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனம் காயும் முன்பே எங்கள் சென்டருக்கு வந்து விமான டிக்கெட் பார்ப்பார்கள். அவர்கள் போன பிறகு அவர்களுடைய அப்பா அம்மா வர ஆரம்பிப்பார்கள். புத்தூரிலிருந்தும் நகரியிலிருந்தும் ஏர்பேட்டிலிருந்தும் முதல் பஸ் பிடித்து, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி உடுத்திக்கொண்டு வந்து, என் மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பிள்ளைக்கு மெயில் எழுதச் சொல்வார்கள்.

அவர்கள் சொல்லச் சொல்ல அடிப்பதுதான் என் வேலையிலேயே கஷ்டமானது. எங்கள் பக்கத்து ஆட்கள் வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, ஆபீசில் இரண்டும். ஒரு பேச்சைத் தமிழில் தொடங்கி தெலுங்கில் முடிப்பார்கள், நடுவில் மாறியது அவர்களுக்கே தெரியாது. நகரியிலிருந்து வருகிற ஒரு விவசாயி எப்போதும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்.

“நைனா, நல்லா கீறியா? இக்கட அந்தரு பாகுன்னாரு. பசு கன்னு போட்டுக்கிது.”

இங்கே எல்லாரும் நலம் என்கிற நடு வரி மட்டும் தெலுங்கு. இதை அடிக்க நான் தமிழ் சாஃப்ட்வேரைத் திறந்து, மூடி, தெலுங்கு சாஃப்ட்வேரைத் திறந்து, மூடி, மறுபடி தமிழைத் திறக்க வேண்டும். பசு கன்று போடுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிடும். எல்லாவற்றையும் தெலுங்கிலேயே அடித்துவிடலாம் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. மகன் படிக்கும்போது அப்பா பேசுகிற மாதிரி இருக்காதே என்றார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. நானும் நாகலாபுரத்து விவசாயக் குடும்பம்தான், தெலுங்கு மீடியத்தில் படித்து, தமிழைப் பஸ்ஸில் விற்கிற வாரப் பத்திரிகைகளில் கற்றுக்கொண்டவள். அவர் சொன்னது எனக்குப் புரியாமல் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் தேடித் துழாவி ஒரு சின்ன சாஃப்ட்வேரைக் கண்டுபிடித்தேன். ஒரே கீபோர்டில் தமிழும் தெலுங்கும் வரும். மேல் வரிசையில் இருக்கிற எஃப் ஒன்பதைத் தட்டினால் மொழி மாறும், மறுபடி தட்டினால் திரும்பி வரும். அவ்வளவுதான் அது செய்கிற வேலை. சித்தூர்ப் பக்கத்திலிருந்து அமெரிக்கா போன ஒரு தெலுங்குக்காரர் அதை எழுதியிருந்தார். அவர் மனைவி தமிழ். இரண்டு பக்கத்துச் சம்பந்திகளுக்கும் மெயில் எழுதி அலுத்துப்போய்ச் செய்ததாம். செய்ததை அப்படியே இலவசமாகப் போட்டுவிட்டார். அதன் உள்ளே இருக்கிற நிரலையும் மறைக்காமல் வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பிரிக்கலாம், மாற்றலாம், மாற்றியதை ஊருக்குக் கொடுக்கலாம்.

எனக்கு நம்பிக்கையே வரவில்லை. லட்டுக்கே வரிசையில் நிற்க வேண்டிய ஊரில் வளர்ந்தவளுக்கு இது ஏதோ ஏமாற்று வேலை என்றுதான் பட்டது. பிறகு மலைமேல் போடுகிற இலவசச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டேன். அங்கேயும் யாரும் நீ யார் என்று கேட்பதில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள் போவார்கள், மனது வந்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வாளியைத் தூக்கிப் பரிமாற வருவார்கள்.

நான் வாளியைத் தூக்கியது ஒரு கோபத்தில். மொழி மாற்றிய உடனே அடிக்கிற முதல் எழுத்து அந்த சாஃப்ட்வேரில் விடுபட்டுப்போகும். நைனா என்று அடித்தால் ‘னா’ மட்டும் வரும். இதைக்கூடப் பார்க்காமல் என்ன சாஃப்ட்வேர் எழுதினீர்கள் என்று காரசாரமாக அவருக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் இந்த இடத்தில் பாருங்கள் என்று ஒரு கோப்பின் பெயரைச் சொல்லி, நீங்களே சரிசெய்ய முடியும் என்று நினைக்கிறேன் என்று பதில் போட்டார். என்ன திமிர் என்று முதலில் எரிச்சல் வந்தது. கம்ப்யூட்டர் டிப்ளமா புத்தகங்களை வீட்டிலிருந்து கொண்டுவந்தேன். கூட்டம் வருவதற்கு முன்னால், சென்டரைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, காலை நேரங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து கடைசியில் பிடித்துவிட்டேன். ஒரே ஒரு வரிதான். அதை அனுப்பினேன். அவர் அதைச் சேர்த்து புதுப் பதிப்பு வெளியிட்டார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. என் மேசைக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனையோ பேர் எங்கெங்கோ போகிற கதையைச் சொல்லியிருக்கிறார்கள். நான் சென்னையைத் தாண்டிப் போனதில்லை. என் ஒரு வரி விசா இல்லாமல் கடல் தாண்டிப் போய்விட்டது.

அப்புறம் சில வருஷங்கள் எனக்கு அதுதான் உலகம். அமெரிக்காக்காரர், பெங்களூரில் ஒரு மாணவர், சிங்கப்பூரில் ஒரு பெண், நான். யாரும் யாரையும் பார்த்ததில்லை. ஆனால் சிங்கப்பூர்க்காரி எத்தனை மணிக்கு எழுவாள், அமெரிக்காக்காரர் எப்போது தூங்கப் போவார் என்பதெல்லாம் தெரியும். சண்டை போடுவோம், சமாதானம் ஆவோம், யாராவது நன்றி என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதை நாலு பேரும் மாற்றி மாற்றிப் படிப்போம். காலையில் சென்டர் ஷட்டரைத் தூக்கும்போதே என்ன வந்திருக்கும் என்று மனசு ஓடும். அப்படி ஓடுவதற்கு ஒரு காரணம் இருந்த நாட்கள் நல்ல நாட்கள்.

பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். எங்கள் ஊரில் ஒருவரை வழியனுப்புவது ஒரு விசேஷம். தெருவே வேன் பிடித்துச் சென்னை விமான நிலையம் வரைக்கும் போகும். புளியோதரை கட்டும், அழும், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தலை மறைகிற வரைக்கும் கை ஆட்டும். இந்த இடத்தில் பஸ் ஸ்டாண்டும் இல்லை, வாசலும் இல்லை. முக்குக் கடையில் தீப்பெட்டி வாங்கப் போகிற மாதிரி போவார்கள், வரமாட்டார்கள். மாணவருக்கு வேலை கிடைத்தது. சிங்கப்பூர்க்காரிக்குக் கல்யாணம். கடைசியில் ஆரம்பித்து வைத்தவரே போனார். எல்லாச் சாவியும் உன்னிடமும் இருக்கட்டும் என்று புதுப் பதிப்பு வெளியிடுகிற அனுமதியை எனக்கு ஒருநாள் கொடுத்தார், அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு மெயிலும் இல்லை. நான் எழுதியது எல்லாம் போய்ச் சேர்ந்தது, பதில் மட்டும் வரவில்லை. அவருக்கு என்ன கஷ்டமோ என்று இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு, பந்தியை நடுவில் விட்டுவிட்டு வாளியை என் கையில் திணித்து ஓடிப்போன ஆள் என்று திட்டித் தீர்த்தேன்.

நான் அப்படிப் போகமாட்டேன் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அதற்கு எங்கள் கிணறும் ஒரு காரணம். எங்கள் பக்கம் பிள்ளையைச் செல்லமாகக் கூப்பிடுகிற நைனாதான் அப்பாவுக்கும். எங்கள் நைனாவுக்கும் பெரியப்பா சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரே கிணறு, ஒரே மோட்டார், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். நம் முறை முடிந்துவிட்டது என்று மடையை அடைத்துவிட்டுக் கிளம்ப முடியாது. அடுத்த முறைக்காரர் வந்து மண்வெட்டி வைத்துத் தன் மடையைத் திறக்க வேண்டும், அதன் பிறகுதான் நாம் நம்முடையதை அடைக்க வேண்டும். அவர் வருகிற வரைக்கும் வாய்க்கால் மேல் நிற்க வேண்டும். நிற்காமல் போனால் தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு ரோட்டுக்குப் போகும், போனவன் குடும்பத்தையே சேர்த்துத் திட்டுவார்கள். நைனா சோறு ஆறிப்போனாலும் நிற்பார். நானும் நின்றேன்.

வாழ்க்கை அது பாட்டுக்கு நகர்ந்தது. கல்யாணம் ஆனது. வீட்டுக்காரருக்குச் சத்தியவேடு பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை, அதனால் சத்தியவேட்டுக்கே குடி வந்தோம். பிறகு எனக்கும் அதே பக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். திருப்பதி சென்டரை மூடி அந்த இடத்தில் பை, பெட்டி விற்கிற கடை வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மெயில் சொன்ன அப்பாக்கள் கைக்கு செல்போன் வந்து, அவர்களே பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஆனாலும் அந்த சாஃப்ட்வேர் சாகவில்லை. நகரி, பள்ளிப்பட்டு, சித்தூர், குடியாத்தம் என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் டி.டி.பி. கடைகளில் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் இரண்டு மொழியிலும் அடித்தாக வேண்டிய ஊர்கள். அதை நான் விட்டால், அடுத்த புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றைக்கே அது நின்றுவிடும். அப்புறம் அந்தக் கடைக்காரர்கள் பழையபடி திறந்து மூட வேண்டியதுதான்.

ஆனால் என் ஆசை தீர்ந்துபோய்விட்டது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சண்டையால் இல்லை, கசப்பால் இல்லை. மெயிலைத் திறக்கும்போது ஓடிய மனசு, இப்போது பெருமூச்சு விட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் தலைக்கு எண்ணெய் வைக்கும்போது கூட யாருடைய கம்ப்யூட்டரில் என்ன கெட்டுப்போயிருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டே பின்னுவேன், பின்னல் கோணும். போகவும் வேண்டும், வரப்பும் உடையக்கூடாது. என் கவலை அவ்வளவுதான்.

நான் ஓய்வு பெற விரும்புகிறேன், பொறுப்பை எடுத்துக்கொள்ள யாராவது வாருங்கள் என்று அந்த சாஃப்ட்வேருக்கான எங்கள் இணையப் பக்கத்தில் ஓர் அறிவிப்புப் போட்டேன். நீங்கள் இல்லாமல் எப்படி என்று பாராட்டு வந்தது. உங்கள் சேவையை மறக்க முடியாது என்று வந்தது. அதோடு சேர்த்து, போகிறதற்கு முன்னால் இதை மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்று நாலைந்து புது வேலையும் வந்தது. சரிசெய்து கொடுத்தேன். அடுத்த வருஷம் மறுபடி அறிவிப்பு, மறுபடி பாராட்டு. வீட்டுக்காரருக்கு இதைப் பார்த்து ஒரே சிரிப்பு. கடை காலி என்று போர்டு மாட்டிவிட்டு, உள்ளே உட்கார்ந்து வியாபாரம் பண்ணிக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள் என்று கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் பாராட்டவே மாட்டார். குடியாத்தத்தில் அச்சகம் வைத்திருந்த ஒரு மனிதர். வாரம் தவறாமல் ஒரு குறை எழுதுவார். ஆங்கிலத்தில்தான் எழுதுவார், கடைசி வரி எப்போதும் ‘கைண்ட்லி ரெக்டிஃபை’ என்றுதான் முடியும். கவர்மென்ட் ஆபீசிலிருந்து மெமோ வந்த மாதிரி இருக்கும். எனக்கும் அவருக்கும் வருஷக்கணக்கில் ஆங்கிலத்தில் சண்டை. எங்கள் வீட்டில் அவருக்குக் கைண்ட்லி என்றே பெயர் வைத்துவிட்டோம். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், இன்றைக்குக் கைண்ட்லி வந்தாரா என்று வீட்டுக்காரர் கேட்பார். அதில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். அவர் சொன்ன குறை ஒன்றுகூடத் தப்பாக இருந்ததில்லை. அதனாலேயே அதிகமாக எரிச்சல் வரும்.

இரண்டாவது அறிவிப்புக்குப் பிறகு கைண்ட்லியிடமிருந்து ஒரு மெயில். குடும்பத்தோடு திருப்பதிக்குத் தரிசனத்துக்கு வருகிறேன், மலையிலிருந்து இறங்கியதும் உங்களைச் சந்திக்க வேண்டும், ஒரு விஷயம் பேச வேண்டும் என்று எழுதியிருந்தார். நேரிலேயே வந்து மெமோ கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இருந்தாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை சத்தியவேட்டிலிருந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டிபன் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. மொட்டைத் தலையில் சந்தனம், கழுத்தில் துண்டு, கையில் லட்டுப் பை, பின்னால் மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும். மெயிலில் அத்தனை விறைப்பாக இருந்தவர் நேரில் பேசினால் காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தது. உட்காரும் முன்பே லட்டை எடுத்து என் கையில் வைத்தார். தலைமுடி இல்லாத மனிதரிடம், அதுவும் பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எப்படிச் சண்டை போடுவது? பஸ்ஸில் தயார் பண்ணியது எல்லாம் வீணாகப் போனது.

அவர் மனைவிதான் முதலில் பேசினார். வீட்டில் என் பெயர் அடிபடாத நாளே இல்லையாம். காலையில் எழுந்தால் இவர் அச்சகத்துக்குப் போவதற்கு முன்னால் அந்த சாஃப்ட்வேரோடுதான் மல்லுக்கட்டுவாராம். எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே பழைய எரிச்சலும் வந்தது. இவ்வளவு தெரிந்தவர், இத்தனை வருஷமாகக் குறை மட்டும்தானே சொன்னீர்கள், ஒன்றையாவது நீங்களே சரிசெய்து அனுப்பியிருக்கக் கூடாதா என்று கேட்டேவிட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேசைக்காரர் இட்லியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

அவர் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேசைமேல் திறந்தார். நான் கண்ணால் பார்க்காவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். அவர் எழுதியனுப்பிய குறைகளில் முக்கால்வாசியை அவரே சரிசெய்து, தன் கம்ப்யூட்டரில் தனியாக வைத்திருந்தார். நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட சில இடங்களை என்னைவிடச் சுத்தமாக முடித்திருந்தார். அப்புறம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். என் குரல் இறங்கிவிட்டிருந்தது.

“நீங்க நின்னுக்கினு இருக்கச்சொல்லோ நான் எப்டிம்மா கை வெக்கறது? எங்க ஊர்லயும் முறைத் தண்ணிதான். மடையில நிக்கறவங்க மம்பட்டிய எடுத்தாத்தான் அடுத்தவன் தன்னுத வெப்பான். அவங்க நிக்கறப்பவே கொண்டுபோய் வெச்சா, ஏ தள்ளிப் போன்னு சொன்ன மாதிரி ஆயிடும். நீங்க எடுப்பீங்கன்னு பாத்துக்கினே இருந்தேன்.”

எங்கள் ஊர் முறையைச் சொன்னேன். அடுத்தவர் வைத்த பிறகுதான் நாங்கள் எடுப்போம் என்று சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். பிறகு அந்த மெல்லிய குரல்காரர், கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இத்தனை வருஷமும் ஒரே வாய்க்காலில் இந்தக் கரையில் நான், அந்தக் கரையில் அவர், ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். அப்பா ஏன் மேடத்தை அழவைத்தார் என்று அவருடைய சின்னப் பெண் அம்மாவிடம் கேட்டாள்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து லட்டை முக்கால்வாசி நானே தின்றுவிட்டேன். வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் மிச்சம்தான் கிடைத்தது.

அதன் பிறகு நடந்தது எல்லாம் சாதாரணம். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். எந்தக் கோப்பைத் தொட்டால் எது கெடும், எந்தக் கடைக்காரர் கோபமாக எழுதினாலும் உள்ளுக்குள் நல்லவர், எவரிடம் பொறுமையாகப் பேச வேண்டும் என்பதையெல்லாம் சொன்னேன். அமெரிக்காக்காரரைப் பற்றியும் சொன்னேன். திட்டாமல் சொன்னேன், அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. தமிழில் பேசும்போது கைண்ட்லி, ‘சரி மேடம்’, ‘ஆகட்டும் மேடம்’ என்பதைத் தவிர எதுவும் சொல்லமாட்டார். போனை வைத்த பிறகு ஆங்கிலத்தில் மெமோ வரும்.

சாவிகளை அவர் பெயருக்கு மாற்றிய காலையில் என்னுடைய சாவியையும் எடுத்துவிடப் போகிறேன் என்று சொன்னேன். அவர் பதறிவிட்டார். அவசரத்துக்கு இருக்கட்டும், நீங்கள் செய்தது, நீங்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றார். நான் கேட்கவில்லை. என் மண்வெட்டி கரையில் கிடந்தால் அவர் அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வெட்டுவார், இத்தனை வருஷம் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டேன். பேச்சு வீராப்பாகத்தான் இருந்தது. உங்கள் அனுமதியை நீக்கவா என்று திரை கேட்டபோது கை நின்றுவிட்டது. அடுப்பில் பால் வைத்திருந்தேன், அது பொங்குகிற சத்தம் கேட்டதும் சட்டென்று ஆம் என்பதை அழுத்திவிட்டு எழுந்து ஓடினேன். விடைபெறுகிறேன் என்று முன்னமே எழுதி வைத்திருந்த நாலு வரியை மத்தியானம் போட்டேன். இந்த முறை பாராட்டு வந்தபோது நிம்மதியாகப் படிக்க முடிந்தது, ஏனென்றால் கூட வேலை எதுவும் வரவில்லை.

அது வராதது முதல் சில வாரம் சுகமாக இருந்தது. பிறகு ஒரு மாதிரி வெறுமை. கம்பெனி பஸ்ஸில் போகும்போது போனை எடுத்து எங்கள் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன். பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள் சம்பந்தி வீட்டுத் தெரு வழியாகச் சும்மா போகிற மாதிரி. அப்படி ஒரு நாள் பார்த்தபோதுதான் தெரிந்தது, மனிதர் முதல் வேலையாக எஃப் ஒன்பதை எடுத்துவிட்டிருந்தார். ஷிஃப்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும் என்று வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபம்! அத்தனை பேர் விரல் பழகிய பொத்தான் அது. நகரி விவசாயி ‘பாகுன்னாரு’ என்று முடிக்கும் முன்பே என் விரல் தானாக அங்கே போகும். ஒரு பெரிய மெயில் எழுதினேன், ஆங்கிலத்தில்தான். கடைசி வரியாகக் கைண்ட்லி ரெக்டிஃபை என்று என் கையே அடித்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மெயிலை அழித்துவிட்டு மகளுக்கு எண்ணெய் வைக்கப் போனேன்.

சில மாதங்கள் கழித்துத் தங்கை மகளுக்குக் காதுகுத்து வந்தது. பத்திரிகை அடிக்க நானும் தங்கையும் நகரியில் ஒரு டி.டி.பி. கடைக்குப் போனோம். முப்பது வயது இருக்கும் ஒரு பெண் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு, தாய்மாமன் பெயர் மட்டும் இரண்டிலும் பெரிதாக வர வேண்டும் என்று தங்கை சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அடிக்கிற வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கை கீழே இருந்து எழவே இல்லை, மொழி மட்டும் மாறி மாறி வந்தது. முன்பெல்லாம் மேலே ஒரு பொத்தான் இருக்குமே என்று தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

“அது பழசுக்கா. மின்ன ஒரு அம்மா பாத்துக்கினு இருந்தாங்களாம், இப்ப வேற ஒருத்தரு பாக்கறாரு. இது சுளுவு. இப்டி வாங்க, ஒருக்கா நீங்களே அடிச்சிப் பாருங்க.”

தங்கை வாயைத் திறந்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அந்தப் பெண் எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்து, என் விரலைப் பிடித்து ஷிஃப்டின் மேல் வைத்து, கட்டைவிரலால் ஸ்பேஸைத் தட்டச் சொன்னாள். தட்டினேன். என்ன அடிப்பது என்று யோசிக்கவே இல்லை, கை அதுவாக அடித்தது. நைனா, நல்லா கீறியா. மறுபடி தட்டினேன். இக்கட அந்தரு பாகுன்னாரு. சுலபமாகத்தான் இருந்தது. கைண்ட்லி சொன்னது எப்போது தப்பாக இருந்திருக்கிறது!

திரையைக் கிட்டே போய்ப் பார்த்தேன். மொழி மாறிய இடத்தில் எல்லாம் முதல் எழுத்து அப்படியே இருந்தது. எத்தனை பேர் கை மாறி, எத்தனை பதிப்புத் தாண்டி, திருப்பதி சென்டரில் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு உட்கார்ந்து நான் எழுதின அந்த ஒரு வரியை யாரும் எடுக்கவில்லை. பழகிட்டீங்கக்கா என்றாள் அந்தப் பெண். ஆமாம்மா என்று சொல்லிவிட்டு, அடித்ததை அழித்து, நாற்காலியை அவளுக்கு விட்டேன்.